ஆர்டிஸ் வான்கோழி துண்டு போட்ட மாலை

வான்கோழியை வாட்டி எடுப்பது ஆர்டிஸுக்குக் கைவந்த கலை. அதை மேசையில் வைத்து எல்லார் கண் முன்னாலும் துண்டு போடுவது மட்டும் கணவர் லாயிடின் உரிமை. லாயிட் ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டார். நவம்பர் விருந்து நாளான தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்து தானே அரிவதாக மகன் கர்ட் போனில் சொன்னான்.

"என் வீட்டு வான்கோழிய எனக்கு அரியத் தெரியும்" என்றாள் ஆர்டிஸ். வீறாப்பெல்லாம் போனோடு சரி.

அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகைக் கறை, ஓரம் மட்டும் கொஞ்சம் தெரியும். பிள்ளைகளுக்கு இது தெரியாது. டுலூத் ஊர்ப் பனியில் அம்மா தனியாக இருப்பது சரிப்படாது என்று அவர்கள் ஏற்கெனவே மினியாபொலிஸ் நகரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தார்கள். வந்து பார்ப்பார்களாம், அம்மா நன்றாக இருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்களாம். கண் விஷயம் வெளியே வந்தால் வீடு போயிற்று. லாயிட் இருந்தவரை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவரும் கூட இருந்தார். இப்போது இவள் ஒருத்திதான் மறைக்க வேண்டும்.

அக்டோபர் முழுக்கக் கோழிகளை வாட்டி வாட்டிப் பழகினாள். முதல் கோழி குதறிப் போட்டதுபோல் ஆனது. இரண்டாவதில் கட்டைவிரல் வெட்டுப்பட்டது. டப்பா மூடி கிழித்துவிட்டது என்று சர்ச்சில் கூசாமல் பொய் சொன்னாள். மிச்சம் இருந்த பார்வைதான் கையைக் குழப்பியது. ஒருநாள் எரிச்சலில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலால் தேடினாள். தொடையை வெளிப்பக்கம் மடக்கினால் மூட்டு தானே வாய் திறந்தது, கத்தி எலும்பில் முட்டாமல் இறங்கியது. நெஞ்சுக் கறியை எலும்போரமாக முழுசாக எடுத்து, பிறகு குறுக்கே அரிந்தாள். அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதாள்.

தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. நாலரைக்கே இருட்டிவிட்டது. கர்ட்டும் ஆர்டிஸின் மகள் ஜோலீனும் மேசையில் உட்கார்ந்திருக்க, கூடத்தில் டிவி கால்பந்துக் கூச்சல் போட்டது.

"அப்பா மாதிரி பாதியத் தரையில போட்டுடாதம்மா" என்றான் கர்ட்.

"நீ வாய மூடு. போன வருஷம் கிரேவிய மடியில ஊத்திக்கிட்டது யாரு?" என்றாள் ஜோலீன்.

ஆர்டிஸ் பறவையைக் குனிந்து பார்ப்பதுபோல் இமையைத் தாழ்த்தி மூடிக்கொண்டாள். விரல் மூட்டைத் தேடிக் கண்டது. முதல் தொடை கழன்றது. பயம் ஒரு பிடி தளர்ந்தது. நெஞ்சுக் கறியை எடுத்துப் பலகையில் வைத்து அரிய ஆரம்பித்தாள். டிவி சத்தம் நின்றது. சாப்பாட்டுக்கு மரியாதை கொடுக்கவாவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் பேச்சையும் காணோம். அசந்து போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நெஞ்சுக் கறியா, தொடைக் கறியா?" முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி நீட்டினாள்.

தட்டு எதுவும் வரவில்லை.

"அம்மா," கர்ட்டின் குரல் அடங்கி வந்தது. "கரண்ட் போயி ரொம்ப நேரமாச்சும்மா. நீ பாட்டுக்கு அரிஞ்சுக்கிட்டே இருக்க."

"போனா என்ன? கை பழகினதுதானே."

அவன் சிரித்துவிட்டிருப்பான், அவளும் தப்பித்திருப்பாள். அதற்குள் ஜோலீன் போன் விளக்கை அடித்துவிட்டாள். பலகையில் துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் சாய்ந்து கிடந்தன. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன.

"எத்தன நாளாம்மா?" என்றாள் ஜோலீன்.

ஆர்டிஸ் கத்திப் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"கத்தியக் குடும்மா" என்றான் கர்ட்.

"மாட்டேன். இன்னும் ஒரு பக்கம் இருக்கு. இந்த இருட்டுல அரியத் தெரிஞ்சவ இங்க நான் ஒருத்திதான்."

ஜோலீன் விளக்கை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டின் விளிம்பு வந்து முள்கரண்டியைத் தொட்டது. யார் தட்டு என்று அவள் கேட்கவில்லை. அடுத்த தொடையை மடக்கி மூட்டைத் தேடினாள். இந்தக் கரண்ட் மட்டும் வந்துவிடக் கூடாதே ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டே, அவள் கத்தியை இறக்கினாள்.