கத்தாத தப்பு

சிவப்புப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காலையில் வந்ததும் பையை நாற்காலியில் மாட்டுவார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். முந்தின நாள் கம்ப்யூட்டரில் தானாக ஓடிய வேலைகளின் பட்டியலைத் திறந்து, பச்சை டிக் விழுந்த வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பிப்பார். எரர் என்று சிவப்பாக எரிகிற வரிகள் ஒரு பக்கம் காத்துக் கிடக்கும். போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதெல்லாம் அப்புறம்தான்.

"கத்துறதை யார் வேணா பார்ப்பாங்க. கத்தாம ஓடுது பாருங்க, எனக்கு அதுமேலதான் பயம்" என்பார்.

ஐந்து பேர் வேலை பார்க்கிற சின்ன அலுவலகம் அது. கோட் எழுதத் தெரியாதவர்கள்கூடத் திரையில் நாலு கட்டங்களை இழுத்துப் போட்டு, கோடு கிழித்து இணைத்து, தங்களுக்கு வேண்டிய ஆப்பைச் செய்துகொள்கிற காலம் இது. ஒருவர் படிவத்தை நிரப்பினால் விவரம் பட்டியலில் போய் உட்காரும். அங்கிருந்து மெயில் தானாகக் கிளம்பும். கிளம்பாமல் மக்கர் பண்ணினால் இவரைக் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் இவருக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். எடுத்த எடுப்பில் கேட்கிற கேள்வி அப்படி: "எப்போலேர்ந்து இப்படி இருக்கு? அதுக்கு முந்தி யாராவது கை வச்சீங்களா?"

"ஐயோ, யாருமே தொடலையேம்மா!" என்று எதிர்முனை சத்தியம் பண்ணும்.

"தொடாம அது தானா கெடாது சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கட்டங்களோடும் பேசுவார். "ஏன்டா ராஜா, நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தே? இன்னிக்கு என்ன கோவம்?" பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பார். இரண்டு மாதமாக அந்தப் பேச்சு இல்லை. பச்சை வரிகளைப் படிக்கிற இந்தப் பழக்கமும் அந்த இரண்டு மாதமாகத்தான்.

காது கேளாத குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்துவைக்கும் ஒரு தொண்டு அமைப்பு, போன வருஷம் இவரிடம் வந்தது. ஐந்து வயது தாண்டாத குழந்தைகளுக்கு மட்டும்தான் இடம். பெற்றோர் பிறந்த தேதியைப் போட்டால் வயதை ஆப் கணக்குப் பண்ணி, உண்டு இல்லை என்று மெயில் அனுப்பிவிடும். அதில் பாதிப் படிவங்கள் எரராகி நின்றன. இவர் பார்த்த உடனே பிடித்துவிட்டார். படிவத்தில் முதலில் நாள். ஆப்போ முதலில் வருவதை மாதம் என்று படிக்கிறது. இருபத்தைந்தாம் மாதம் எங்கே இருக்கிறது? கத்தாமல் என்ன செய்யும்? கத்தின வரிகளில் மட்டும் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படிக்கச் சொல்லி ஒரு கட்டத்தைச் செருகினார். அரை மணி நேர வேலை. "உங்க கைராசியே கைராசிம்மா" என்றார்கள். நம்ம டாக்டரம்மாவுக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று, சும்மா சொல்லக்கூடாது.

பன்னிரண்டுக்குள் அடங்குகிற நாள்களை அவர் யோசிக்கவே இல்லை. மூன்றாம் தேதி, பதினோராம் மாதம் பிறந்த ஒரு பெண் குழந்தையை, மூன்றாம் மாதம் பதினோராம் தேதி பிறந்ததாக ஆப் சமர்த்தாக எடுத்துக்கொண்டது. எரர் இல்லை, பச்சை டிக். நாலரை வயதுக் குழந்தை ஒரே நொடியில் எட்டு மாதம் மூத்துப்போனாள். "வயது வரம்பைக் கடந்துவிட்டதால் வருந்துகிறோம்" என்று மெயில் போய்விட்டது.

பத்து மாதம் கழித்து, இவர் அதே கட்டத்தைச் செருகிக் கொடுத்திருந்த ஒரு கேக் கடையின் பிறந்தநாள் வாழ்த்துகள் தேதி மாறிப் போனபோதுதான் விஷயம் உறைத்தது. அலுவலகமே சிரித்தது. இவருக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. தொண்டு அமைப்பின் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தார். இருபத்து மூன்று தேதிகள் மாறியிருந்தன. இருபத்திரண்டில் முடிவு மாறவில்லை, பாதகம் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் மாறியிருந்தது; இதற்குள் குழந்தைக்கு உண்மையாகவே ஐந்து முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தொண்டு அமைப்பின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். விதி விதிதான் என்றுவிட்டார்கள். "நம்ம பேரு வெளிய வரல. விட்டுடுங்க" என்றார் மேனேஜர்.

விட முடிந்தால்தானே! மூன்று முறை அந்தக் குழந்தையின் வீட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பினார். போன சனிக்கிழமை எப்படியோ மாடியேறிவிட்டார்.

குழந்தையின் அம்மா தலையணை உறை தைத்துக்கொடுக்கிறவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பட்டன்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவர் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. திட்டுவாள், கையைக்கூட ஓங்குவாள் என்று எதிர்பார்த்தே போயிருந்தார்.

அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நானும் விரல் விட்டு ரெண்டு தரம் எண்ணிப் பார்த்தேங்க. நாலரைதான் வந்துச்சு. கம்ப்யூட்டர் சொல்லுதே, நமக்குத்தான் கணக்கு வரலபோலன்னு விட்டுட்டேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் நான். எம்மேலயும் தப்புதான்."

இதை மட்டும் இவர் எதிர்பார்த்து வரவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றார். எழுந்துவிட்டார்.

"கிளம்புறீங்களா? பாப்பாகிட்ட சொல்லிட்டுப் போங்க. தரையில கால ஒரு தட்டுத் தட்டினா போதும், அதிர்வுல திரும்பிருவா" என்றாள் அம்மா.

அவர் காலைத் தூக்கினார். குழந்தையின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றவர், காலைத் தட்டாமல் மெதுவாகக் கீழே வைத்தார். வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அடிமேல் அடி வைத்துப் படியிறங்கிப் போனார்.