‘இனிமேல்’ என்றால் எப்போதிருந்து?

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஓசூர் அப்போது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. இருந்தாலும் பென்னாகரம் பக்கத்திலிருந்து போன எனக்கு அது வெளிநாடு. பெட்டிகளைத் தூக்கி வைக்கும் இயந்திரக் கைகளைச் செய்யும் கம்பெனி அது. ‘ரோபோ’ என்பார் முதலாளி. அவரைத் தவிர வேறு யாரும் அந்தச் சொல்லைக் கூச்சப்படாமல் சொன்னதில்லை.

ஒரே ஷெட்டில் ஆரம்பித்தது, நான் சேர்ந்தபோது மூன்றாகியிருந்தது. ஒன்றில் டிசைன் போடுபவர்கள், அடுத்ததில் இரும்பைப் பூட்டுபவர்கள், மூன்றாவதில் வயர் இழுப்பவர்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தவரை நேருக்கு நேர் திட்டிக்கொண்டார்களாம். ஷெட்டுகள் பிரிந்ததும் திட்டைச் சுமந்து போக ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்குத்தான் டிப்ளமோ முடித்த என்னை எடுத்தார்கள். பதவியின் பெயர் சேஞ்ச் கோஆர்டினேட்டர். “சில்லறை மாத்திக் குடுக்கற வேலையா?” என்று அம்மா கேட்டாள். இல்லை, டிசைனில் வரும் மாற்றங்களை ஷெட் ஷெட்டாகக் கொண்டுசேர்க்கும் வேலை என்று விளக்க எனக்கே ஆறு மாதம் பிடித்தது.

டிசைன் தலைவர் பெங்களூர்க்காரர். தாளில் வரைந்துவிட்டால் அது உலகத்தில் நடந்துவிட்டதாகவே நம்புவார். இரும்பு ஷெட்டின் ஃபோர்மேன் எங்கள் தருமபுரிக்காரர். டிசைன் என்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்பது அவர் கட்சி. எலக்ட்ரிகல் தலைவர் உள்ளூர்த் தெலுங்குக்காரர். எது சொன்னாலும் “ஆகட்டும்மா” என்பார். எதுவும் ஆகாது.

ஒரு சோப்புக் கம்பெனி மேனேஜர் எங்கள் இயந்திரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருடைய பெட்டிகள் அகலமானவை என்பதால், கையின் நுனியில் இருந்த விரல்களை ஒரு சாண் நீளமாக்கினார் டிசைன் தலைவர். விரல் நீண்டால், கை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் சுவிட்சையும் ஒரு சாண் பின்னே நகர்த்த வேண்டும். இரண்டையும் எழுதி, ‘இனிமேல் இப்படித்தான்’ என்று முடித்திருந்தார். இரண்டு ஷெட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேனேஜர் வரும் நாள் காலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றால் கரண்ட் இல்லை. கடைசியில் விருந்தாளியும் கரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

ஓசூரில் மரியாதை பாதி கர்நாடகத்து வழக்கப்படிதான். முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகையும் வைத்தார். அவர் அதைக் கழற்றாமலே இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் போய், மேசையிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். ஃபோர்மேன் பொத்தானை அழுத்தினார்.

கை நீண்டது. பெட்டியைத் தாண்டியும் நீண்டது. விரல்கள் பேட்டாவைக் கவ்வின, தூக்கின, திரும்பின, பக்கத்து மேசையில் பூப்போல இறக்கி வைத்தன. மேனேஜர் தம் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சும்மா சொல்லக்கூடாதுங்க,” என்றார் ஃபோர்மேன், “என்னா பதமா எடுத்து வெச்சுது!”

எனக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். மேனேஜரைக் காபி சாப்பிட அனுப்பிவிட்டு முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். “யாருய்யா இதுக்குக் காரணம்?”

மூன்று தலைவர்களும் ஒற்றுமையாக என்னைக் கைகாட்டினார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. “சார், ‘இனிமேல்’னா எப்பலருந்துன்னு இவங்களத் தனித்தனியா கேளுங்க.”

“இந்த மெஷின்லேர்ந்துதான். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றார் டிசைன்.

“பழைய விரலு ஸ்டாக் தீந்த பொறவுன்னு நெனச்சேனுங்க. நேத்து தீந்துபோச்சு, மாட்டிட்டேன்,” என்றார் ஃபோர்மேன்.

எலக்ட்ரிகல் தலைவர் தரையைப் பார்த்தார். “அடுத்த ஆர்டர்லருந்துன்னு…”

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரிம்மா. இப்ப என்ன பண்ணலாங்கற?”

“எந்த நம்பர் மெஷின்லருந்துன்னு எழுதட்டும் சார். மாத்தினதும் மூணு பேரும் மெஷின் முன்னால வந்து நிக்கட்டும். அதுவரைக்கும் அதுக்குக் கரண்ட் குடுக்க வேணாம்.”

“ஏம்மா, கல்யாணத்துல சம்பந்திங்க நிக்கற மாதிரியா?”

“ஆமாங்க. சண்ட போட்டாலும் பக்கத்துல நின்னு போடுங்க.”

முதலாளி தலையாட்டினார். அங்கேயே மூவரும் நின்றார்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி. சுவிட்ச் நகர்ந்தது, கை பெட்டியை மட்டும் எடுத்தது. வாசற்படியிலிருந்தே பார்த்த மேனேஜர், கொஞ்சம் யோசித்து, ஆர்டர் கொடுத்தார். இயந்திரம் ஓடும்போது தமக்கு மரியாதை எதுவும் செய்யக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதன்பின் மாற்றம் வரும்போதெல்லாம் மூவரும் இயந்திரத்தைச் சுற்றி நின்று கத்தினார்கள். கத்தல் மெல்லப் பேச்சாக மாறியதை நான் கவனிக்கவில்லை. ஒருமுறை காய்ச்சலில் வீட்டுக்குப் போய்க் கிடந்துவிட்டுத் திரும்பினால், ஒரு பெரிய மாற்றத்தை அவர்களே பேசி, பிசகில்லாமல் முடித்திருந்தார்கள்.

“நீ நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கலாமேம்மா,” என்றார் ஃபோர்மேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி நான் எதற்கு என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வாரமே முதலாளி பெயிண்ட் அடிக்க நாலாவது ஷெட் கட்டினார். அதற்கு வந்த தலைவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.