மதினி பிரித்த மலை

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணன் மனைவியைப் பற்றி எழுதுகிறாள் என்றால் குறை சொல்லத்தான் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். குறை இருக்கிறது, சொல்லத்தான் போகிறேன்.

கமர்ஜஹான் என் அண்ணன் முகமது பாரூக்கின் மனைவி. சித்தையன்கோட்டைப் பெண். பத்தொன்பது வயதில் திண்டுக்கல் பேகம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அண்ணனுக்குத் தோல் வியாபாரம். ஆட்டுத்தோலை வாங்கி, தரம் பிரித்து, செருப்பு செய்கிறவர்களுக்கும் பை தைக்கிறவர்களுக்கும் அனுப்புவான். அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு என் வீடு. நடுவில் ஒரு சந்துதான். மதினி அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே எனக்குக் கண் எரியும்.

கொரோனா ஊரடங்கில் ஆளாளுக்கு ஏதோ ஒன்று கற்றுக்கொண்டார்கள். நான் கேக் செய்யப் போய் அடுப்பைக் கெடுத்தேன். மதினி, மகள் மஹ்ஜபீன் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த பெயிண்டை எடுத்து, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, அதில் ஒரு குளம் வரைந்தாள். அதற்கு முன்னால் கையில் மருதாணி வரைந்ததைத் தவிர அவள் எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டேன். மழைக்குப் பிறகு குளம் நிரம்பினால் கரையோரத் தண்ணீரைப் பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. அந்த நிறம் அப்படியே வந்திருந்தது. "இது எனக்கு" என்று பிடுங்கிக்கொண்டு வந்து என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அவள் வரைந்த வேறு எந்தப் படமும் பிழைக்கவில்லை.

எல்லாவற்றையும் அவளே வெட்டிவிட்டாள். இதுதான் நான் சொல்ல வந்த குறை. படம் முடிந்துவிட்டது என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவாள். நாங்களும் மாஷா அல்லாஹ், பிரமாதம் என்போம். அவள் அதைச் சுவரில் சாய்த்து வைத்து, டீ குடித்துக்கொண்டே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். கண் சுருங்கியதென்றால் அந்தப் படம் அவ்வளவுதான். கத்தரிக்கோல் வரும். வானம் தனியே, மரம் தனியே, சாலை தனியே வெட்டி அடுக்குவாள். போன மாதம் மலைக்கோட்டைப் பாறையாக இருந்தது இந்த மாதம் எருமையின் முதுகாகும். ரோஜாப்பூ கிழிந்து சேவல் கொண்டையாகும். அதோடு நிற்பாளா? என் ஜாக்கெட் கொக்கி, துருப்பிடித்த சாவி, அண்ணன் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் விழும் தோல் துண்டு, சின்ன வெங்காயம் வருகிற சிவப்பு வலைப் பை என்று கண்ணில் பட்டதெல்லாம் படத்துக்குள் போய்விடும்.

மஹ்ஜபீன் கல்லூரியில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, "உம்மா, நீங்க பண்றதுக்கு மிக்ஸட் மீடியான்னு பேரு" என்றாள்.

"பேரெல்லாம் இருக்கா? நான் கிறுக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் மதினி. அன்று முழுக்க அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இந்த வருஷம் மதினியின் தம்பி அல் அமீன் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஹோட்டல் தொடங்க ஏற்பாடு செய்தான். நுழைந்ததும் எதிரே பெரிய வெற்றுச் சுவர். "அக்கா, இந்தச் செவரு ஒனக்குத்தான். சிறுமலைய வரைஞ்சு குடு" என்றான். மதினியின் படங்கள் அதுவரை எங்கள் சந்துக்கு வெளியே போனதில்லை. சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊரே வந்து பார்க்கப்போகிற சுவர், வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒன்று. அதை நினைத்து எனக்கே படபடப்பாக இருந்தது.

ஆறடிக் கித்தான் துணியில், மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு மாதம் வரைந்தாள். சிறுமலை, அடிவாரத்தில் வயல், மேலே மேகம். அல் அமீன் வந்து பார்த்துவிட்டுக் குதித்தான். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஹோட்டல் திறப்பு, வியாழக்கிழமையே படம் தயார். எல்லாம் நல்லபடியாகத்தானே போய்க்கொண்டிருந்தது? அன்று சாயங்காலம் மதினி என் வீட்டுக்கு டீ குடிக்க வந்தாள்.

"எனக்கு அந்த மல பிடிக்கல ஷமா" என்றாள். "காலண்டர்ல வர்ற மலையாட்டம் இருக்கு. வழுவழுன்னு, ஒரு சுருக்கமில்ல. அத யாரு வேணாலும் வரையலாம்."

"மதினி, வாய மூடிக்கிட்டு டீயக் குடிங்க."

அவள் பேச்சை நிறுத்திவிட்டு என் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். என் குளத்தைப் பார்த்தாள். கண் சுருங்கியது. "அதுல ஓரமா ஒரு துண்டு குடேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "மொதல்ல என்னய வெட்டுங்க, அப்புறம் அத வெட்டலாம்" என்று கத்தினேன். பாவம், பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவர்கள் மாடியில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. அண்ணன் வியாபார விஷயமாக ஆம்பூர் போயிருந்தான். ஊரில் இருந்திருந்தாலும் தடுத்திருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம். நான் மேலே ஓடிப் போய்ப் பார்த்தால் ஆறடி மலை கந்தல் கந்தலாகக் கிடந்தது. மதினி கையில் தோல் அறுக்கும் கத்தி.

அதற்கு மேல் அவள் செய்ததைத்தான் கேளுங்கள். தோல் தொழிலில் ஈரத் தோலைப் பலகை மேல் இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஆணி அடித்து நிழலில் காயவைப்பார்கள். காய்ந்தால் விறைப்பாக, மட்டமாக நிற்கும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அதைப் பார்க்கிறாள். அதனால் மலைக்கு ஆட்டுத்தோலை நனைத்து, அந்த ஈரத்திலேயே படத்துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, இரண்டையும் சேர்த்து இழுத்து ஆணி அடித்து, அவசரத்துக்கு வெயிலில் வைத்துவிட்டாள். தோலோடு சேர்ந்து படமும் விறைத்துக் கிண்ணென்று நிற்கும் என்று கணக்கு. தோல்காரர் வீட்டில் தவிர உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு தப்பு நடக்காது.

திண்டுக்கல் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை பத்து மணிக்குள் தோல் முறுக்கிக்கொண்டு சுருங்கி, ஒரு பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு எழும்பிவிட்டது. மேலே ஒட்டிய துணித் துண்டுகள் பொரித்த அப்பளம் போலச் சுருண்டு நின்றன. மேகம் கீழே விழுந்து கிடந்தது. படத்தை எடுத்துப் போக அல் அமீன் வந்தது அந்த நேரத்தில்தான். அவன் பின்னாலேயே ஆம்பூரிலிருந்து அண்ணனும் பையோடு படியேறி வந்தான்.

"ஈரத்துலயா ஒட்டுன கமரு?" என்று கேட்டு அண்ணன் சிரிக்கப் போனவன், மதினி முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான்.

அல் அமீனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நல்லா இருந்த படத்த ஏன்க்கா பிரிச்ச? விடிஞ்சா தெறப்பு. செவத்துல நான் எதக்கா காட்டுவேன்?" என்றான். கோபத்தில்கூடக் குரலை உயர்த்தாத பிள்ளை. போனை எடுத்து யாரிடமோ விசாரித்தான். "ப்ளெக்ஸ் கடைல அருவி படம் ஒண்ணு ரெடியா இருக்காம். அதையே மாட்டச் சொல்லிடுறேன். நீ வருத்தப்படாத."

மதினி அழவில்லை. சேலை முந்தானையால் கையிலிருந்த பசையைத் துடைத்தாள்.

"ஆக்குன சோத்த மறுபடி அரிசியாக்க முடியாதுடா" என்றாள். "பெத்த புள்ளயத் திரும்பப் பெக்க முடியாது. பத்தொம்பது வயசுல இங்க வந்தேன், அந்த வயசையும் திருப்பி வைக்க முடியாது. நான் கொறை சொல்லல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரிச்சுப் பாத்து மறுபடி சேக்குறதுக்குன்னு எங்கிட்ட இருக்கது இது ஒண்ணுதான். இதையும் முடிஞ்சது முடிஞ்சபடி வையின்னா, நான் எதுக்குடா வரையணும்?"

அண்ணன் பையைக் கீழே வைத்தான். இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன், இவள் மனதில் இது இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

மதினி குத்தவைத்து உட்கார்ந்து, சுருண்ட துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து உரித்தாள். எல்லாம் உரிந்த பிறகு வெறும் தோல் மட்டும் பலகையில் நின்றது. சுருங்கி, மடிந்து, மேடும் பள்ளமுமாக. அவள் அதைச் சற்றுத் திருப்பி வெயில் படும்படி வைத்தாள்.

"ஷமா, இங்க பாரேன்" என்றாள். குரலே மாறியிருந்தது. "மல!"

ஆமாம். மலைதான். எங்கள் மாடியிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற அதே சிறுமலை. அந்த மடிப்பு, அந்தச் சரிவு எல்லாம் இருந்தது. இரண்டு மாதம் அவள் வரைந்து வராத சுருக்கத்தை ஒரே நாள் வெயில் போட்டுக் கொடுத்திருந்தது.

"ஆனா காஞ்சு கெடக்கு" என்றாள். "அடியில தண்ணி வேணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்காததுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. அல் அமீன் இன்னும் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றான்.

"போன வைடா!" என்று கத்தினேன். "எந்த ஊரு அருவின்னே தெரியாத ஒண்ணப் பாத்துக்கிட்டு நான் டீ குடிக்கணுமா? வை கீழ!"

படியிறங்கி, சந்தைத் தாண்டி, என் வீட்டுக் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, குளத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மதினி மடியில் வைத்தேன். "இந்தாங்க. வெட்டுங்க" என்றேன்.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "ஒன் வீட்டுத் தாளிப்புப் பொகையும் சாம்பிராணியும் சேந்து எப்படிப் பழுத்திருக்கு பாரு! இன்னிக்குக் கலந்தா இந்த நெறம் வருமா?" என்றாள். கத்தி இறங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஆமாம், வலிக்கத்தான் செய்தது.

அப்புறம் அந்த மாடி பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் தோலைச் செதுக்கினான். மஹ்ஜபீன் சிவப்பு வலைப் பையைப் பிரித்து வயலுக்கு வரப்பு தைத்தாள். பழைய படத்தின் கந்தல்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. மேகம் தலைகீழாக நின்று மூடுபனியாகிவிட்டது. அல் அமீன் நாளைய சமையலுக்கு ஆள் சொல்லப் போகாமல் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் எல்லோரையும் திட்டினேன், அதற்கும் ஒரு ஆள் வேண்டுமே. மதினி யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. ஒட்டுவாள், தள்ளி நின்று பார்ப்பாள், பிய்ப்பாள், மறுபடி ஒட்டுவாள். சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்லும்போது கையை உதறிவிட்டு, "செத்த நேரம் யாரும் தொடாதீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் துஆ ஓதி முடித்து முதல் டீ வந்தது. ஆனால் டீயை வாங்கியவர்கள் உட்காரவில்லை. எல்லோரும் சுவருக்கு முன்னால். தொட்டுப் பார்க்கிறவர் ஒருவர், மோந்து பார்க்கிறவர் ஒருவர். ஹோட்டலுக்குக் காய்கறி அனுப்புகிற முருகேசன் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தார். வயலில் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை.

"ஏனுங்க, இது நம்ம வெங்காயப் பைங்களா?"

"ஆமாங்க" என்றாள் மதினி.

"அடேங்கப்பா! லாரியில ஏத்துனத செவுத்துல ஏத்திப்போட்டீங்களே!" என்று அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். அல் அமீன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அக்கா பண்ணது, எங்க அக்கா பண்ணது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின நாள் ப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டவன் இவன்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. விட்டுவிட்டேன்.

என் குளம் மலையடியில் கிடந்தது. என் கூடத்தில் இருந்ததைவிட அங்கே அழகாக இருந்தது. ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

கூட்டம் குறைந்ததும் மதினி டம்ளரோடு எதிரே போய் நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சுருங்கியது. ஐயோ, ஆரம்பித்துவிட்டாள்!

அல் அமீனும் பார்த்துவிட்டான். பக்கத்தில் வந்தான். "என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. அந்த எடது ஓரத்துல..." என்றவள் தானே நிறுத்திக்கொண்டாள். "வேணாம். நல்ல நாளு. இப்படியே இருக்கட்டும்."

"நான் ஆணி அடிக்கலக்கா" என்றான் அவன். "ஸ்க்ரூதான் போட்டிருக்கேன். திருப்புளி கல்லாவுக்குக் கீழ இருக்கு. வெள்ளிக்கெழம கடை லீவு. வந்து கழட்டிக்க, பிரிச்சுக்க, என்ன வேணாலும் பண்ணிக்க. சனிக்கெழம காலைல செவத்துல ஏதாச்சும் இருந்தாப் போதும் எனக்கு."

மதினி டம்ளரை மேஜையில் வைத்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வருகிற போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. தம்பி தலையைப் பிடித்து ஆட்டினாள். நான் மட்டும் சும்மா நின்றேனா, நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்கு வந்து, குளம் போக மிச்சமிருந்த அட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். நடுவில் பெரிய ஓட்டை, அதற்குள் என் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் தெரிகிறது. சந்தில் இறங்கி நின்று மதினியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: வெள்ளிக்கிழமை அதைக் கழற்றும்போது மலையில் ஒரு துண்டு எனக்கு வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து.