மிச்சம் பிடித்த நாலாங்கிளாஸ்

இன்று காலை ஆபீசில் ஹெட்கிளார்க் லட்டு கொடுத்தார். அவர் பையனுக்கு டபுள் புரமோஷனாம். இரண்டாம் வகுப்பிலிருந்து நேரே நாலுக்குத் தாவுகிறானாம். "என்னப்பா, மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே?" என்றார். திரும்பி உட்கார்ந்து டைப் அடித்தேன். ஒரே வரியில் மூன்று தப்பு. லட்டு மெஷின் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது, எறும்பும் வந்தாயிற்று. எனக்கு அதில் ஏலக்காய் வாசனை வரவில்லை ஐயா, கமர்கட் வாசனைதான் வந்தது.

அந்தக் கமர்கட்டைத் தெரு முழுக்கக் கொடுத்தவர் லூர்துமேரியின் அப்பா. கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் சந்து. லூர்து பக்கத்து வீடு, என் வகுப்பு. அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில், கப்பல்களின் முதுகில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள் அவள். "லண்டன் எங்கடா கீது?" என்று என்னைக் கேட்பாள். எனக்குத் தெரிந்த தூர தேசம் எண்ணூர்.

எங்கள் பள்ளிக்கூடம் அஞ்சாங்கிளாஸோடு சரி. மேலே படிக்க ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் சந்துப் பெண்பிள்ளைகள் தாண்டியதில்லை. லூர்துவின் அப்பாவும் டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தார்: "அஞ்சு வரிக்கும் அனுப்புறேன். அதுக்கு மேல கேக்காதீங்கோ."

அந்த அஞ்சில் நாலாங்கிளாஸ் மேல்தான் அவளுக்குக் கண். உலகப்படம் அந்த அறையில்தான் தொங்கியது. எலி கடித்து ஆப்பிரிக்காவில் ஒரு ஓட்டை இருக்கும். நாலாங்கிளாஸ் பிள்ளைகள் மட்டும் கம்பை வாங்கி ஊர்களைத் தொட்டுக் காட்டலாம். வெளியே ஜன்னலில் தொங்கிப் பார்த்தால் படத்தில் பாதிக் கடல் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் ஹெட்மாஸ்டர் வந்து அவளை எழுப்பினார். டபுள் புரமோஷனுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏழெட்டு?"

"அம்பத்தேழு சார்."

"ஆறொம்பது?"

"அம்பத்தஞ்சு."

"பன்னண்டு பன்னண்டு?"

"நூத்தி நாப்பத்தஞ்சு."

ஆஹா, இவளுக்கே வாய்ப்பாடு மறந்துவிட்டது என்று நான் பெஞ்சில் குதூகலமாக இருந்தேன். ஹெட்மாஸ்டர் சிரித்தார். "டீச்சர், கவனிச்சீங்களா? எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டிச் சொல்றா! இவளைப் போய் நாலுல வைக்கிறதா?"

"சார், எனக்கு நாலு வேணும் சார்."

"நாலுல என்னம்மா இருக்கு? நேரா அஞ்சுல போய் உட்காரு."

அன்று சாயங்காலம்தான் கமர்கட். "எம் பொண்ணுக்கு டபுளு! ஒரு வருசம் மிச்சம் பாரு!" என்று அவள் அப்பா வாசல் வாசலாகக் கூவினார். அவள் அம்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு, "இன்னும் ஒரு வருசந்தான். அப்பால புள்ளய பாத்துக்க வூட்ல ஆளாச்சி" என்றாள். லூர்து தன் கமர்கட்டைச் சாக்கடையில் எறிந்தாள். "ராங்கி புட்ச்சவ!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடித்தவனைத் திருப்பி அடிக்கலாம். கமர்கட் கொடுத்தவனை என்ன செய்வது?

அஞ்சாங்கிளாஸிலும் அவள்தான் முதல். அதோடு வீடு, குழந்தை, பிறகு கருவாட்டுக் களம். நானோ நாலாங்கிளாஸில் கோட் அடித்து, அங்கேயே இரண்டு வருஷம் தேய்த்தேன். மக்குக்கு இரண்டு வருஷம், அவளுக்கு ஒரு நாள்கூட இல்லை. அந்த மக்குதான் இன்றைக்கு பி.ஏ.

போன மாசம் கல்மண்டபத்தில் கூடையும் கையுமாக வழி மறித்தாள். "இன்னா பி.ஏ., பாக்காத மாரி போற?"

"அவசரம் லூர்து."

"பெரிய கலெக்டரு! நில்றா. நாலாங்கிளாஸ்ல ரெண்டு வருசம் குந்திக்கினு இருந்தியே, இன்னாதாண்டா சொல்லிக் குடுத்தாங்கோ?"

தலையைச் சொறிந்தேன். எவ்வளவு யோசித்தும் எலி கடித்த ஓட்டைதான் ஞாபகம் வந்தது. "ஒண்ணுமில்ல லூர்து" என்றேன்.

"பொய் சொல்லாத. மேப்பு இருந்துச்சி." கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இன்னும் கீதாடா அது?"

பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனேன். பள்ளிக்கூடத்தையே இடித்துவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு குடோன் நிற்கிறது. படமும் இல்லை, அது தொங்கிய சுவரும் இல்லை. ஹெட்மாஸ்டர் எந்த ஊருக்குப் போனாரோ. லூர்துவின் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு வருஷம் மிச்சம் என்றாரே, அதை எங்கே வைத்தார் என்று கேட்கவும் ஆளில்லை.