ரஷ்யன் வருவான் என்று காத்திருந்த வருடம்

1985ஆம் ஆண்டு ரஷ்யன் போலந்துக்குள் படை அனுப்பப் போகிறான் என்பது எங்கள் அகதி விடுதியில் முடிவான விஷயம். எந்த மாதம் என்பதில்தான் சண்டை.

விடுதி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மேற்கு ஜெர்மனியில், காசல் நகருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் மூடிப்போன பழைய மதுக்கடை. கீழே சமையலறை, மேலே அறைகள், பதினொரு பேர். எல்லாரும் யாழ்ப்பாணத்தார். வேலை செய்யக் கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. சும்மா இருக்கிற யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்? அரசியல் கதைப்பான். ஊர் அரசியலைக் கதைத்தால் கைகலப்பு வரும். எந்த இயக்கம் சரி என்ற கேள்வியில் ஏற்கனவே ஒருவனுக்கு மூக்கு உடைந்திருந்தது. அதனால் ரஷ்யாவைக் கதைத்தோம். ரஷ்யாவுக்காக யாரும் யாருக்கும் அடிக்க மாட்டார்கள்.

எங்கள் படைத் தளபதி ஒரு சங்கக்கடை மனேச்சர். ஊரில் அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்த ஆள். அவருக்கு ரஷ்யா எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் மொஸ்கோவிலிருந்து வழுவழு தாளில் தமிழ்ச் சஞ்சிகைகள் வரும். ஊரெல்லாம் அதைக் கிழித்துப் பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போட்டது. மனேச்சர் ஒருவர்தான் உறை போடுவதற்கு முன் வாசித்தவர். அதுதான் அவருடைய தகுதி. எங்களிடம் அதுவும் இல்லை.

"ரஷ்யன்ர சரித்திரத்தைப் பாருங்கோ" என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே தொடங்குவார். "பெத்த மகனையே அடிச்சுக் கொன்ற ராசா இருந்த நாடு. பிறகு ராசா குடும்பத்தையே சுட்டாங்கள். சுட்டவங்களைப் பிறகு வேற ஆக்கள் சுட்டாங்கள். உள்ளுக்குள்ள புழுக்கம் வந்தால் ரஷ்யன் அயலானுக்குத்தான் போவான். ஹங்கேரிக்குப் போனான், செக்குக்குப் போனான், இப்ப ஆப்கானில நிக்கிறான். அடுத்தது போலந்து. எழுதி வையுங்கோ."

நாங்கள் எழுதி வைக்கவில்லை. நம்பினோம். அது அதைவிட மோசம்.

1984 இலையுதிர் காலத்தில் ஒரு காலை கட்டில் ஆடியது. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க டாங்கிகள். பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தவன் தூரிகையோடு கத்தினான்: "மனேச்சர் அண்ணை, வந்திட்டான்!" ஐந்து நிமிடத்தில் பதினொரு பேரும் அகதிப் பத்திரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தில் முட்டைக்கோசுக்கு நடுவே குப்புறப் படுத்திருந்தோம். ஊர்ப் பழக்கம். விமானம் வந்தாலும் டாங்கி வந்தாலும் முதலில் மண்ணில் படு.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வந்தார். ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள். கையில் சொசேஜ். எங்களைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அது அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து வருடா வருடம் செய்கிற போர் ஒத்திகை. தெரு ஓரத்தில் ஊர்ச் சனம் திருவிழாப் பார்ப்பதுபோல் நின்றது. குழந்தைகளுக்கு டாங்கியிலிருந்து சுவிங்கம் எறிந்தார்கள்.

மனேச்சர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "ஒத்திகை பாக்கிறாங்கள் எண்டால் நாடகம் வரும்தானே?" என்றார். விசர்க்கதை. ஆனால் அந்த நிமிடத்தில் அது பெரிய ஞானம்போல் எங்கள் காதில் விழுந்தது.

இளைஞனாக இருந்தபோது ஹிட்லரின் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் நாலு வருடம் சிறை கிடந்தவர் அந்தக் கிழவர். மனேச்சர் அவரிடம் உடைந்த ஜெர்மன் மொழியில் கேட்டார், ரஷ்யன் வருவானா என்று. கிழவர் சொசேஜை மென்று முடித்தார். "வருவாங்களா எண்டு எனக்குத் தெரியாது. போன முறை நாங்கள்தான் அங்கே போனோம்." அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் ரஷ்யனைப் போரில் கண்ட ஒரே ஆள் அவர். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர் சஞ்சிகை வாசிக்காதவர்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத பகுதி என்னுடைய மனைவி.

அவள் ஊரில் இருந்தாள். கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம் நான் வெளிக்கிட்டவன். வந்த வழி எங்கள் எல்லாருக்கும் ஒன்று. கொழும்பிலிருந்து ரஷ்ய விமானம், மொஸ்கோவில் ஒரு இரவு, பிறகு கிழக்கு பெர்லின். அங்கே விசா கேட்க மாட்டார்கள், மேற்குப் பக்கம் போகிற ரயிலில் ஏறச் சொல்லி விடுவார்கள். நகர ரயிலில் சில நிமிடப் பயணம், மேற்கு வந்துவிடும். உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்த மதிலை நாங்கள் டிக்கெட் வாங்கிக் கடந்தோம். அவளும் அதே வழியில்தான் வர வேண்டும். ஏப்ரலில் இடம் இருக்கிறது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான்.

மார்ச் மாதம் மொஸ்கோவில் இன்னொரு கிழட்டுத் தலைவர் செத்தார். மூன்று வருடத்துக்குள் மூன்றாவது. வானொலியில் சோக இசை. மனேச்சருக்கு அது கலியாண மேளம்.

"இனிப் பொறுக்க மாட்டான். புதுசா வாற ஆள் தன்ர பலத்தைக் காட்ட வேணும். மே மாதத்துக்குள்ள போலந்து. பிளேன் எல்லாம் நிப்பாட்டுவான். மொஸ்கோவில நிக்கிற ஆக்கள் நிண்டதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் அந்தப் பிள்ளையை இப்ப ஏத்திப்போடாதையும். பாவம்."

நான் கடிதம் போட்டு நாள் குறித்து, ஒரு ஞாயிறு தபால் கந்தோர் வாசலில் இருந்த பெட்டியிலிருந்து எங்கள் ஊர்ச் சந்திக் கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். அவள் காத்திருந்தாள்.

"இப்ப வராத. ரஷ்யன் போலந்துக்குள்ள போகப்போறான்."

"நான் போலந்துக்கோ வாறன்?"

"பிளேன் மேலால வரவேணுமெல்லே."

"இஞ்ச கிழமைக்கு ரெண்டு தரம் ஆமி ஒழுங்கைக்குள்ள வாறான். அதுக்கு என்ன செய்யச் சொல்லுறியள்?"

நான் அவளுக்கு ரஷ்யச் சரித்திரம் சொன்னேன். கடவுளே, சொன்னேன். மகனை அடித்துக் கொன்ற ராசாவிலிருந்து தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சரி. நீங்கள் எல்லாரும் யோசிச்சுத்தானே சொல்லுறியள்" என்றாள். ஏப்ரல் இடம் வேறு யாருக்கோ போயிற்று.

மே வந்தது. ரஷ்யன் வரவில்லை. "மண் காய வேணும், சேத்துக்க டாங்கி ஏலாது" என்றார் மனேச்சர். மண் காய்ந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் விடுதி வாசலில் டாக்சி நின்றது. கம்பளிச் சட்டைக்கு மேலே சேலை கட்டிய ஒரு பெண் இறங்கினாள். மனேச்சர் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினார்.

அவருடைய மனைவி. மொஸ்கோ வழி. கிழக்கு பெர்லின் வழி. இரண்டு கிழமைக்கு முன் வெளிக்கிட்டு, மேற்கு பெர்லின் முகாமில் நின்று, பத்திரம் எடுத்து வந்திருக்கிறார்.

நான் சமையலறையில் மனேச்சரைப் பிடித்தேன். சட்டையைப் பிடித்தேன் என்றே எழுதலாம்.

"அண்ணை, மே மாதம் பிளேன் ஓடாது எண்டியள். உங்கட மனிசி எப்படி வந்தவ? நடந்தோ?"

அவருக்கு வெட்கம்கூட வரவில்லை. மெய்யாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது அரசியல். இது குடும்பம்."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரஷ்யாவுக்காக யாரும் யாருக்கும் அடிக்க மாட்டார்கள் என்று நான் சொன்னது பொய். ஆனால் பிறகு யோசித்தேன். அந்த ஆள் கதைத்தது பொழுது போகவில்லை என்பதற்காக. மற்ற ஒன்பது பேரும் கேட்டுவிட்டுச் சோறு தின்னப் போனார்கள். அதை எடுத்துப்போய்ப் பெண்டாட்டிக்குச் சட்டமாக்கிய மடையன் நான் ஒருவன்தான்.

அடுத்த ஞாயிறே அவளை வெளிக்கிடச் சொன்னேன். ஜூலையில்தான் இடம் இருந்தது. அவள் ரயிலில் கொழும்புக்கு வந்து ஒரு விடுதியில் நின்றாள். பயணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

கிழவர் பத்திரிகையோடு வந்தார். உள்பக்கத்தில், பன்றி விலைக்குப் பக்கத்தில், சின்னச் செய்தி. விரலை வைத்து மெதுவாக வாசித்து எனக்கு விளங்க வைத்தார். விசா இல்லாத தமிழர்களைக் கிழக்கு ஜெர்மனி இனி விடாது. மேற்கு கேட்டது, கிழக்கு ஒத்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே பேசியிருக்கிறார்கள். ஒருவருக்கு எதிராக ஒருவர் ஏவுகணை நிறுத்தி வைத்திருந்த இரண்டு பேரும் எங்கள் விஷயத்தில் ஒரே மேசையில் இருந்திருக்கிறார்கள். அதே மாதங்களில் நாங்கள் போலந்து எல்லையைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

கொழும்பு விடுதிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"வராத. கதவைச் சாத்திப்போட்டாங்கள்."

அவள் கேட்டாள். "ரஷ்யனோ?"

"இல்லை. ஜெர்மன்காரன்."

"அவன்ர நாட்டிலதானே நீங்கள் இருக்கிறியள்?"

"ஓம்."

"அவனைப் பற்றி அங்க ஒருத்தரும் கதைக்கேல்லையோ?"

ஒருத்தரும் கதைக்கவில்லை. அவள் திரும்பவும் ஊருக்கு ரயில் ஏறினாள். இங்கே வந்து சேர இன்னும் இரண்டு வருடமும் வேறு நாலு நாடுகளும் எடுத்தன. அந்த இரண்டு வருடம் ஊரில் என்ன நடந்தது என்று துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் மேலே கேட்டதில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.