கொலைகாரியும் முந்திரிக்கொட்டையும்

எங்கள் வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பேர். யாராவது ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவர்கள் முடிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன். பரீட்சையில் கேள்வியைப் பாதி படித்துவிட்டே பதில் எழுத ஆரம்பித்து மார்க்கைக் கோட்டை விட்டவள் நான். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்த அவசரத்தால் ஒருநாள் என் அக்காவின் கை போகும் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். எனக்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். அதுவும் யோசித்துத்தான் வரும். "அவ வாயில இருக்கறதையும் சேர்த்து இவளே பேசிடறா" என்று அம்மா என்னைக் காட்டிச் சொல்வாள்.

துபாயில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா ஒரு லீவுக்கு வந்தபோது பழைய கேம் மெஷின் ஒன்றும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு சண்டை கேம். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்ள வேண்டும், யார் உயிர் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார், அவ்வளவுதான் விளையாட்டு. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருந்தார்கள். பௌர்ணமி வந்தால் காலையிலேயே இரண்டு பேரும் கடைக்குப் போய்விடுவார்கள். ஊர் முழுக்கக் கிரிவலத்துக்கு வந்த ஜனம், தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. நாங்கள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

அந்த கேமில் இருபது முப்பது ஆட்கள் உண்டு. நான் எடுப்பது ஒரு தடியன். ஒரு குத்து விட்டால் எதிராளி திரையின் அந்தப் பக்கம் போய் விழுவான். அக்கா எடுப்பது ஒருத்தியை மட்டும்தான். சாம்பல் நிற உடுப்பு, காது வரை வெட்டிய முடி, கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. கதைப்படி அவள் கூலிக்குக் கொலை செய்கிறவள். வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் அவளுக்கு. நாங்கள் கொலைகாரி என்றே கூப்பிட்டோம். பிறகு மாமா அனுப்பிய அடுத்தடுத்த பாகங்களிலும் அவள் இருந்தாள். உடுப்பு மாறும், முடி நீளும், சண்டை போடும் விதம் மட்டும் மாறவே மாறாது.

அவள் தானாகப் போய் அடித்தால் ஒன்றும் ஆகாது, கொசு கடித்த மாதிரிதான் இருக்கும். எதிராளி கையை ஓங்க வேண்டும். ஓங்கிய கை அவள் மேல் படுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் பட்டனை அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் அந்தக் கையைப் பிடித்து முறுக்கிக் கீழே சாய்த்துவிடுவாள், பாதி உயிர் போய்விடும். கொஞ்சம் முந்தி அமுக்கினால் வெறும் காற்றைப் பிடிப்பாள். அப்போது அவள் முதுகு எதிராளிக்குத் திறந்து கிடக்கும். எனக்கு அந்தப் பொறுமை ஏது? ஒரே நாளில் அவளைக் கைவிட்டேன். அக்கா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நான் தடியனை வைத்துக்கொண்டு தையா தக்கா என்று குதிப்பேன். ஓங்கினதுதான் தெரியும், தரையில் கிடப்பேன்.

"எப்படிக்கா தெரியுது உனக்கு?" என்று கேட்டால், "நீ அடிக்கறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்கறடி" என்பாள்.

அக்காவைப் பக்கத்திலேயே, வேங்கிக்காலில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, சொந்த வீடு. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார், குரலை உயர்த்திப் பேச மாட்டார். அப்பாவுக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் மாப்பிள்ளை பெருமைதான். நானும் மாமா மாமா என்று உருகினேன், சும்மா சொல்லக்கூடாது.

அந்த வருஷம் ஆடிக்கு அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். இளைத்திருந்தாள். "புது வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல" என்றாள், நம்பினோம். வந்த அன்றே மெஷினைப் போடச் சொல்லிக் கொலைகாரியை எடுத்தாள். அன்று அவள் விளையாடியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாயே திறக்காதவள் கத்தினாள். "வா. ஓங்குடா. ஓங்கிப் பாரு. வாடா, சாவடிக்கறேன்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனில் வீடியோ எடுத்தேன். என் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே ஒரு கத்தி படமும் வைத்து எழுதினேன்: 'எங்க வீட்டுக் கொலைகாரி. மாமா ஜாக்கிரதை!' மாமியார் வீட்டில் பத்துப் பேர் அதைப் பார்த்தார்கள். சிரிக்கிற பொம்மை போட்டவர்களும் உண்டு.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் அக்கா தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடது கண் திறக்கவில்லை. முதுகில் பெல்ட்டின் தடம் வரிவரியாக இருந்தது. அதைப் பார்த்தவள் நானும் அம்மாவும்தான். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ என்னா பேசின?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன். அப்பா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "அவரு அப்படிப்பட்ட ஆள் கெடையாதும்மா. கோவத்துல நீ எங்கனா விழுந்திருப்ப" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா மறுத்துப் பேசவில்லை. "அவரு வாயாலயே அடிச்சேன்னு சொன்னா?" என்று கேட்டாள். அப்பா சாமி படத்தைக் காட்டினார். "அண்ணாமலையார் மேல ஆணையா சொல்றேன். பஞ்சாயத்துல பத்துப் பேர் முன்னாடி அவரு ஒத்துக்கட்டும். உன்னை அந்த வூட்டுப் படி ஏற விடமாட்டேன்."

ஆக அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அவன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாப்பிள்ளை வீட்டு ஹாலில் பஞ்சாயத்து. போகும்போது ஆட்டோவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வாயத் தொறக்காத. யாரு என்னா சொன்னாலும் கம்முனு இரு. அவரு பெரியப்பா வர்றாரு. ஞாயமா கேக்கறவரு. பெரியப்பா ரெண்டு வாட்டி கேட்டா எங்க வூட்டுக்காரரு சமாளிச்சிடுவாரு. மூணாவது வாட்டி கேட்டா அவரால முடியாது, கோவம் வந்துடும். கோவத்துல அவரே சொல்லிடுவாரு. எனக்குத் தெரியும். வரட்டும்." எட்டு மாதம் அவனோடு இருந்து அவள் கற்றுக்கொண்டது அது. நான் தலையை ஆட்டினேன். சத்தியம்கூடச் செய்தேன்.

ஹாலில் பாய் விரித்திருந்தது. பெரியப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். ரிட்டயரான வாத்தியார். காபியைக்கூட வாங்கிக் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்பா, பொண்ணு மேல கைய வச்சியா?"

"இல்ல பெரியப்பா. சாமி சத்தியமா இல்ல."

"அப்போ அந்தக் கண்ணு எப்படி அப்படி ஆச்சு? கைய வச்சியா இல்லையா?"

"அவளே போய் கதவுல மோதிக்கிட்டா. நான் அந்தப் பக்கம்கூட இல்ல."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "நான் முட்டாள் இல்லடா. கடைசியா கேக்கறேன். அடிச்சியா?" என்றார். அவன் காதுமடல் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்தான். அக்கா தலையை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் அவன் அம்மா குறுக்கே புகுந்தாள். போனை நீட்டினாள். ஆடியில் நான் போட்ட ஸ்டேட்டஸை அப்போதே எடுத்து வைத்திருந்தாள் போல. "மச்சான், அவன இன்னா கேக்கறீங்க? மொதல்ல இதப் பாருங்க. இவளா பாவப்பட்ட பொண்ணு? சாவடிக்கறேன் சாவடிக்கறேன்னு கத்தறா பாருங்க. கொலைகாரின்னு இவ தங்கச்சியே எழுதிக்குது." போன் கை மாறியது. என் சிரிப்புச் சத்தம் அந்த ஹால் முழுக்கக் கேட்டது. ஒருவர் அந்த வீடியோவை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். "இன்னாம்மா அர்த்தம் இதுக்கு?" என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பெரியப்பா போனை வாங்கவில்லை. அவர் பார்வை அவன் மேலேயே இருந்தது. அக்கா என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அர்த்தமா?" என்று எழுந்துவிட்டேன். "அவ நெசமாவே கொலைகாரியா இருந்திருந்தா உங்க புள்ளைக்கு இந்நேரம் கருமாதி முடிஞ்சிருக்கும்!"

ஐயோ, என்ன சொல்லிவிட்டேன்! உயிரோடு கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, பெற்றவளைப் பார்த்துக் கருமாதி என்கிறேன். என் அக்கா கழுத்தில் கிடக்கும் தாலியை என் வாயாலேயே அறுக்கிறேன். அவன் அம்மா மாரில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். "எம்புள்ளைக்குக் கருமாதி பண்றாங்களே! கேக்க ஆள் இல்லையா?" பெண்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். "தப்பும்மா, ரொம்பப் பெரிய தப்பு" என்று பெரியப்பாவே சொன்னார். மூன்றாவது கேள்வி அப்படியே போயிற்று. அதற்கு யாரும் பதில் சொல்லவும் இல்லை, பதில் கேட்கவும் இல்லை.

அப்பா எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். என் அப்பா யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "சின்னப் பொண்ணு, புத்தி இல்லாம பேசிடிச்சு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மன்னிக்க வேண்டுமென்றால் மருமகள் இன்றே, இப்போதே வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். அப்பா சரி என்றார். அக்கா மாற்றுப் புடவைகூடக் கொண்டுவரவில்லை, ஒரு கைப்பையோடு வந்திருந்தாள். அந்தப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினான். "பாத்துப் போங்க மாமா" என்று அப்பாவிடம் சொன்னான்.

ஆவணியில் அக்கா திரும்பி வந்தாள். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தாள். அவன் கையை முறுக்கியிருக்கிறான். கட்டைவிரல் அடியோடு பிசகி, எலும்பு விரிசல் விட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. இரண்டு ஆபரேஷன் செய்தும் அந்த விரல் மடங்க மறுத்துவிட்டது. இந்த முறை யாரும் பஞ்சாயத்து பேசவில்லை. கேஸ் கொடுத்தோம், நடந்துகொண்டிருக்கிறது. அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். தினமும் கடையிலிருந்து வரும்போது அவளுக்கு மட்டும் ஏதாவது வாங்கி வருகிறார், மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அக்கா இன்னும் அவனை 'அவரு' என்றுதான் சொல்கிறாள். என்னால் முடியாது. எனக்கு அவன் அவன்தான்.

போன பௌர்ணமி அன்று மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். வெளியே அரோகரா சத்தம். அக்கா மெஷினைப் போடச் சொன்னாள். நான் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் எடுத்தேன். ஒன்றைத் திருப்பி வைத்தாள்.

"கம்ப்யூட்டர்கூட ஆடு. கொலைகாரிய எடு. எப்ப அமுக்கணும்னு நான் சொல்றேன்."

எதிரே ஒரு தடியன் வந்து நின்றான். கையை ஓங்கினான். "இரு" என்றாள் அக்கா. "இரு... இரு..." அமுக்கிவிட்டேன். கொலைகாரி காற்றைப் பிடித்தாள், முதுகில் குத்து விழுந்தது. மறுபடியும் ஆடினேன், மறுபடியும் முந்திக்கொண்டேன். மூன்றாவது முறையும் அதேதான். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு அழுதேன். பஞ்சாயத்து நடந்த நாளிலிருந்து கேட்கத் துணியாததை அப்போதுதான் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருந்தா?"

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொலைகாரி கீழே கிடந்தாள்.

"அஞ்சு நிமிஷம்லாம் வேணாம்டி. அவரு மூச்ச இழுத்துட்டாரு. வாயத் தொறந்துட்டாரு. நான் பாத்துனே இருந்தேன்."

பிறகு அந்த மடங்காத விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்ற நான்கு விரல்களால் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"எடு. இந்த வாட்டி நான் சொன்னப்புறம் அமுக்கு."