நம்பர் எழுதாத லைசென்ஸ்

1. அந்த மெயில்

போர்ட் பிளேரில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர், படகுத்துறைகளுக்குக் கடல் ஏற்றவற்றக் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றைக் கொடுத்து வந்தது. நானும் நண்பன் குமரேசனும் வேலை நேரம் போக, எங்கள் பெயரிலேயே எழுதியது. சுனாமியன்று வந்த நிலநடுக்கத்தில் தீவுகள் வடக்கே மேலேறி, தெற்கே கீழிறங்கிவிட்டதால் பழைய கணக்கெல்லாம் பொய்த்துப்போனது. சில வருஷம் கழித்து, திருத்துவதற்கு ஒரு புது லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, கிடைத்தது. அதற்கு, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் ஜிபிஎல் என்ற லைசென்ஸின் வெர்ஷன் 3. எங்கள் புரோகிராமோடு இருந்ததோ வெர்ஷன் 2 லைசென்ஸின் காப்பி.

'இரண்டையும் சேர்த்து வெளியே கொடுக்க முடியாது. எழுதியவர்கள் எல்லாரும் வெர்ஷன் 3-க்குச் சம்மதிக்க வேண்டும்' என்று லைப்ரரிக்காரர் மெயில் அனுப்பியிருந்தார்.

என் சம்மதம் பெரிதில்லை. குமரேசனிடம் எப்படிக் கேட்பது? சுனாமிக்கு முந்தின வாரம் கார் நிக்கோபார் தீவுக்கு வேலையாகப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

சென்டர் ஓனர் அண்ணாச்சி சுலபமாகச் சொல்லிவிட்டார். "வாரிசு சைன் போட்டா போதும்லா? அவன் சம்சாரத்துக்கிட்ட வாங்கிட்டு வாடே. வடக்க மாயாபந்தர்ல படகு தரை தட்டுதுன்னு டெய்லி போன் வருது. ஜல்தி!"

2. பத்துபஸ்தி

ஊருக்குள்ளேயே பத்துபஸ்தியில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். குமரேசன் மனைவி பரமேஸ்வரி நான் நீட்டிய சம்மதப் பேப்பரைத் தொடவே இல்லை.

"வாரிசுன்னு போட்டு நான் சைன் பண்ணணுமாண்ணே? சர்க்கார்ல டெத் சர்டிபிகேட் குடுக்க வந்தப்பவே நான் வாங்கல. அவரு வந்து போடுவாரு."

கேட்டிருக்கவே கூடாது. வெட்கத்தோடு பேப்பரை மடித்துக்கொண்டு வந்தேன்.

3. ஒன்பதாவது பிரிவு

அவன் எழுதிய பகுதியை எடுத்துவிட்டு நானே புதிதாக எழுதலாம் என்று அவன் ஃபைல்களைத் திறந்தேன். தலைப்பில் 'ஜிபிஎல் லைசென்ஸ்' என்று மட்டும் இருந்தது. வெர்ஷன் நம்பரே இல்லை. சோம்பேறிப் பயல், எதையும் அரைகுறையாகத்தான் விடுவான் என்று திட்டினேன். நம்பர் இல்லாதது இன்னொரு வம்பாகுமோ என்ற பயத்தில் லைசென்ஸை முதலிலிருந்து வரி வரியாகப் படித்தேன். ஒன்பதாவது பிரிவில் இருந்தது: நம்பர் சொல்லாமல் விட்டிருந்தால், வெளியான எந்த வெர்ஷனையும் எடுத்துக்கொள்ளலாம். லைப்ரரிக்காரரிடம் கேட்டேன். 'சரிதான், கையெழுத்து வேண்டாம்' என்று பதில் வந்தது.

அன்றே மறுபடி பத்துபஸ்திக்கு ஓடினேன். "யார் சைனும் வேண்டாம்மா. அவன் எழுதின விதத்துலயே அனுமதி இருக்கு."

"அவரு பேரை எடுத்துடுவீங்களா?"

"எடுக்கக் கூடாதுன்னு அதுலயே ரூல் இருக்கு."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "பேருக்கு முன்னால 'லேட்'னு போடுவீங்களா?"

"இல்லம்மா. வெறும் பேரு மட்டும்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். தலைப்பில் 'வெர்ஷன் 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்று தெளிவாக எழுதிவிடுங்கள். பின்னால் சம்மதம் கேட்டு வரும்போது நாம் இருப்போம் என்று என்ன நிச்சயம்?

என் ஃபைல்களில் எல்லாம் அப்படி எழுதிவிட்டேன். குமரேசன் ஃபைல்களில் மட்டும் கை வைக்கவில்லை. அவன் வந்து எழுதட்டும்.